குற்றம் விரலிலா, குதிரையிலா?



இம்முறை இலக்கணத்தைப் பற்றியோ தேர்வைப் பற்றியோ எழுதப் போவதில்லை. ஒரு மின்கித்தாரைப் பற்றி எழுதுகிறேன். தமிழ்ப்பள்ளி ஆசிரியருக்கும் மின்கித்தாருக்கும் என்ன தொடர்பு என்று சிலர் முகம் சுளிக்கக் கூடும். இளையராஜா இசையமைப்பாளர் ஆவதற்கு முன் கித்தார் வாசித்தவர். மாண்டலின் சீனிவாஸ் மின்கருவியில்தான் கர்நாடக இசையை வழங்கினார். நம் நாட்டில் பினாங்குத் தமிழ்ச் சகோதரர்களான டேவிட் ஆறுமுகமும் லோகநாதன் ஆறுமுகமும் ‘அல்லிகேட்ஸ்’ குழுவை நடத்திப் புகழ் பெற்றனர். ஆகவே அது அயல் கருவி என்ற பேச்சை இத்துடன் விட்டுவிடுவோம். நான் சொல்ல வந்தது வேறு. அக்கருவியின் பொருட்டு ஒரு மாணவனுக்கு நான் தவறிழைத்தேன். அதைப் பெற்றோரும் சக ஆசிரியர்களும் அறிய வேண்டும் என்று நினைக்கிறேன்.

பாரோயில் குடியிருக்கும் பெற்றோர் ஒருவர், தம் இளமையில் கோயில் திருவிழா மேடைகளில் வாசித்த மின்கித்தாரையும் சிறிய ஒலிபெருக்கியையும் பள்ளிக்கு அன்பளிப்பாகக் கொடுத்தார். மே 16 ஆசிரியர் தினம். கலைநிகழ்ச்சிக்கு ஐந்தாம் ஆண்டு மாணவன் ஒருவனைத் தேர்ந்தெடுத்துப் பயிற்சி கொடுத்தேன். எனக்குத் தெரிந்தது மரக்கித்தார் மட்டுமே. அதுவும் கல்லூரி விடுதியில் கற்ற அரைகுறைப் பாடம். பையன் விரைவில் கற்றுக்கொண்டான். ஆனால் அவன் மூன்றாம் தந்தியைத் தொடும்போதெல்லாம் தகரத்தை ஆணியால் சுரண்டுவது போன்ற ஒரு கரகரப்பு எழுந்தது. பிற தந்திகளிலும் கூர்மையான, காதைக் குத்தும் ஒலி.

“மெதுவாக அழுத்து” என்றேன். “மீட்டும் கையில் பலம் கூடுகிறது” என்றேன். “நகத்தை வெட்டு” என்றும் சொன்னேன். மூன்று வாரம் இப்படியே போயிற்று. நான்காம் வாரம் பையன் வரவில்லை.

அவனுக்குப் பதிலாக அவனுடைய தாத்தா வந்தார். பல்லாண்டுக் காலம் தோட்டத்தில் பால்மரம் வெட்டியவர். “வாத்தியாரே, தன் கைக்கு இது வராதுன்னு பையன் சொல்றான். உண்மைதானா?” என்று கேட்டார். பதில் சொல்வதற்காக அக்கருவியை எடுத்து நானே மீட்டினேன். அதே கரகரப்பு.

நண்பர்களே, மூன்று வாரம் அவனைத் திருத்திய நான், அந்தக் கித்தாரை ஒருமுறையும் என் கையில் வாங்கி முழுதாக வாசித்துப் பார்த்ததில்லை. இதை எழுதும்போதும் கூச்சமாகவே இருக்கிறது.

பிறகு நாங்கள் செய்தவையும் பெருமைக்குரியவை அல்ல. கடைக்காரர் ஒருவரிடம் கேட்டோம். தந்திகளை மாற்றச் சொன்னார். மாற்றினோம். புதிய தந்தி பழையதைவிடப் பளிச்சென்று ஒலிக்கும் இயல்புடையது. ஆகவே கரகரப்பு முன்னிலும் தெளிவாகக் கேட்டது! கித்தாரின் முகத்தில் உள்ள ‘டோன்’ குமிழைக் குறைத்துப் பார்த்தோம். அக்குமிழ் உயர்ந்த அதிர்வுகளை வடிகட்டும், குறையை நீக்காது. ஒலி போர்வைக்குள்ளிருந்து பேசுவது போலாயிற்று. கரகரப்போ போர்வைக்குள்ளும் கரகரத்தது. பெற்றோர் ஆசிரியர் சங்கக் கூட்டத்தில் ஒருவர், “700 ரிங்கிட்டுக்குப் புதிதாக ஒன்று வாங்கிவிடலாம், சார்” என்றார். நல்ல மனத்தோடுதான் சொன்னார். ஆனால் எங்கே பழுது என்று தெரியாமல் புதிதாக வாங்கினால், அடுத்த கருவியிலும் அதே பழுது வரும்போது மீண்டும் பையனின் விரலைத்தான் குறை சொல்வோம் என்று எனக்குப் பட்டது.

ஆகவே, பழுதைத் தேடுவது என்று முடிவு செய்தேன்.

தந்திக் கருவி எதுவாயினும் தந்தி இரண்டு முனைகளுக்கிடையே அதிர்கிறது. கித்தாரில் ஒருமுனை கழுத்தின் உச்சியில் உள்ள பட்டை. மறுமுனை உடலின் மேல் உள்ள குதிரை. வீணையிலும் வயலினிலும் நாம் வழங்கும் சொல் இது. (மின்கித்தாரின் குதிரைமேல் தந்திக்கு ஒன்றாக உள்ள சிறு உலோகத் தாங்கிகளை ஆங்கிலத்தில் ‘சேடல்’ என்கிறார்கள். சேடல் என்றால் சேணம். நம் குதிரைக்கு அவர்கள் சேணம் பூட்டியிருக்கிறார்கள் என்று வகுப்பில் சொன்னேன். பிள்ளைகள் அச்சொல்லை மறக்கவே இல்லை.) கிப்சன் நிறுவனம் 1954இல் ‘டியூன்-ஓ-மேட்டிக்’ என்னும் குதிரையைத் தன் லெஸ் பால் கித்தாரில் அமைத்தது. அதே 1954இல் பெண்டர் நிறுவனத்தின் ஸ்ட்ராட்டோகாஸ்டர் வெளிவந்தது. இரண்டிலும் ஆறு தந்திக்கும் ஆறு சேணங்கள். ஒவ்வொன்றையும் திருகாணியால் முன்னும் பின்னும் நகர்த்தலாம். இன்று மலிவு விலையில் கிடைக்கும் மின்கித்தார்களில் பெரும்பாலானவை இவ்விரண்டில் ஒன்றின் படியே. எங்களுடையது முதல் வகை.

பழுது எந்த முனையில் உள்ளது என்று அறிய ஓர் எளிய சோதனை உண்டு. இதை ஆறாம் ஆண்டுப் பிள்ளையும் செய்யலாம். முதலில் ஒலிபெருக்கியை அணைத்துவிட்டு, கித்தாரின் மரத்தில் காதை வைத்துத் தந்தியை மீட்ட வேண்டும். அப்போதும் கரகரத்தால் பழுது மின்சாரத்தில் இல்லை. கருவியின் உடலில் உள்ளது. அடுத்து, எந்த மெட்டையும் அழுத்தாமல் வெறுந்தந்தியை மீட்ட வேண்டும். பின்னர் ஒவ்வொரு மெட்டாக அழுத்தி மீட்ட வேண்டும். மெட்டை அழுத்தியவுடன் உச்சிப் பட்டை கணக்கிலிருந்து விலகிவிடுகிறது; தந்தி இப்போது மெட்டுக்கும் குதிரைக்கும் இடையில்தான் அதிர்கிறது. ஆகவே அழுத்தியதும் கரகரப்பு மறைந்தால் குற்றம் பட்டையில். ஓரிரு மெட்டில் மட்டும் கேட்டால் குற்றம் அந்த மெட்டுகளின் பக்கம். வெறுந்தந்தியிலும் கேட்டு, எல்லா மெட்டிலும் விடாமல் தொடர்ந்தால் குதிரையைத்தான் முதலில் ஐயுற வேண்டும். ஏனெனில் எங்கு அழுத்தினாலும் விலகாமல் நிற்கும் முனை அது ஒன்றே.

எங்கள் கித்தாரில் எல்லா மெட்டிலும் கேட்டது.

பையனின் தாத்தா அருகில் அமர்ந்து பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாம் தந்தியைத் தளர்த்தி ஒதுக்கிவிட்டுச் சேணத்தை உற்றுப் பார்த்தேன். என் கண்ணுக்கு ஒன்றும் தெரியவில்லை. அவர் கருவியைத் தம் பக்கம் திருப்பி, கட்டைவிரல் நகத்தை அப்பள்ளத்தின்மேல் மெல்ல இழுத்தார். “பிசிறு இருக்கு, வாத்தியாரே” என்றார். பால்வெட்டும் கத்தியைத் தீட்டியபின் முனையில் பிசிறு நிற்கிறதா என்று நகத்தால் தடவிப் பார்ப்பது அவர் பழக்கமாம். பிசிறுள்ள கத்தி பட்டையைச் சீவாமல் கிழித்துவிடும் என்றார். பாரோய்ச் சுற்றுவட்டாரத்தில் பால்மரம் நின்ற இடங்களில் பல இன்று தாமான்களாகிவிட்டன. கத்தியைப் பிடித்த அந்த நகத்தின் அறிவு மட்டும் இன்னும் வேலை செய்கிறது.

பூதக்கண்ணாடி வைத்துப் பார்த்தபோது செய்தி தெளிவாயிற்று. சேணத்தில் தந்தி படியும் பள்ளம் கழுத்தை நோக்கிய முன்விளிம்பில் உயர்ந்தும், வாலை நோக்கிச் சரிந்தும் இருக்க வேண்டும். அப்போதுதான் தந்தி ஒரு கூர்மையான இடத்திலிருந்து ‘சட்’டென்று விடுபட்டு அதிரும். எங்களுடையதில் சரிவு தலைகீழாக இருந்தது. பின்புறம் உயர்ந்து, அங்கே பிசிறும் நின்றது. தந்தி பின்விளிம்பில் அமர்ந்து, முன்னே உள்ள உலோகத்தை உரசியபடி வெளியேறியது. அதிரும் ஒவ்வொரு முறையும் அது அந்த உலோகத்தைத் தட்டியது. அந்தத் தட்டலே கரகரப்பு. பையனின் விரலுக்கும் இதற்கும் யாதொரு தொடர்பும் இல்லை.

சரிசெய்த முறையைச் சற்று விரிவாகவே சொல்கிறேன், பிறருக்கும் உதவும். பழுதான தந்தியை மட்டும் தளர்த்தினால் போதும். நான் ஆர்வக் கோளாற்றில் ஆறையும் தளர்த்தினேன். இவ்வகைக் கித்தாரில் குதிரையையும் அதன் பின்னுள்ள வால்கட்டையையும் தந்தியின் இழுவிசைதான் பிடித்து வைத்திருக்கிறது என்பது எனக்கு அப்போது தெரியாது. இரண்டும் கழன்று விழுந்து மரத்தில் ஒரு வடு உண்டாயிற்று. அந்த வடு இன்னும் இருக்கிறது.

சிறு அரம் இருந்தால் நன்று. இல்லையெனில், கழற்றிய பழைய தடித்த தந்தியே அரமாகும். அதன்மேல் சுற்றிய கம்பியின் வரிகள் மென்மையான உலோகத்தை நன்றாக அராவும். மலிவுக் கித்தார்களின் சேணங்கள் பெரும்பாலும் துத்தநாகக் கலவை, எளிதில் தேயும். அதுவே ஆபத்தும் ஆகும். ஐந்தாறு முறை இழுத்துவிட்டு, தந்தியைப் பொருத்திக் கேட்டுப் பார்த்து, மீண்டும் இழுக்க வேண்டும். முன்விளிம்பின் உயரத்தைத் தொடக்கூடாது. பின்புறத்தை மட்டும் சரிக்க வேண்டும். தந்தியின் பருமனில் பாதி பள்ளத்துக்குள் அமர்ந்தால் போதும். கூடுதலாக அராவிவிட்டால் உலோகத்தை மீண்டும் ஒட்ட முடியாது. புதுச் சேணம் வாங்க வேண்டியதுதான். முடிவில் மிக நுண்ணிய உப்புத்தாளால் மெருகேற்றி, பென்சில் கரியைப் பள்ளத்தில் சிறிது தடவினோம். தந்தி சிக்காமல் வழுக்கிச் செல்ல அது உதவும்.

இன்னும் ஒரு வேலை மிச்சம் இருந்தது. தந்தி விடுபடும் இடம் முன்னே நகர்ந்துவிட்டதால் அதன் நீளம் ஒரு மில்லிமீட்டரளவு குறைந்துவிட்டது. தந்தியின் சரிபாதியான பன்னிரண்டாம் மெட்டை அழுத்தினால் சுருதி சற்று ஏறி நின்றது. திருகாணியால் சேணத்தைச் சிறிது பின்னே இழுத்து அதைச் சரிசெய்தோம். குதிரைக்கும் வால்கட்டைக்கும் இடையில் உள்ள குட்டைத் தந்திகளும் தாமே அதிர்ந்து ஒரு கூர்மையான ஒலியை எழுப்பிக்கொண்டிருந்தன. அவற்றினூடே ஒரு துணிப் பட்டையைப் பின்னிவிட்டோம். காதைக் குத்திய ஒலியில் பாதி அத்துடன் போயிற்று. செலவு: உப்புத்தாள் ஒன்று.

எஃகுச் சேணம் போட்டால் இப்படி ஒலிக்கும், பித்தளை போட்டால் அப்படி இனிக்கும் என்று கித்தார் அன்பர்கள் நீண்ட வாதம் செய்வார்கள். அதில் ஓரளவு உண்மை இருக்கலாம். ஆனால் பிசிறை அகற்றாமல் பொன்னாலேயே சேணம் செய்து போட்டாலும் கரகரக்கத்தான் செய்யும் என்பது என் கருத்து.

இதில் எனக்கு மிகவும் வியப்பளித்தது வேறொன்று. கித்தாரில் நாங்கள் குற்றமென்று அராவித் தள்ளிய அதே உரசலைத்தான் தம்புராவில் நம்மவர்கள் வேண்டுமென்றே உண்டாக்குகிறார்கள். தம்புராவின் குதிரை அகலமானது. மேற்பரப்பு மெல்லிய வளைவுடையது. தந்தி அதன்மேல் உரசிக்கொண்டே அதிர்கிறது. தந்திக்கும் குதிரைக்கும் இடையே ஒரு சிறு நூலைச் செருகி, முடி அளவு முன்னும் பின்னும் நகர்த்தி, ஓரிடத்தில் நிறுத்துவார்கள். அப்போது தம்புரா உயிர் பெற்று ரீங்கரிக்கும். அந்நூலுக்கு ஜீவா என்றே பெயர். வீணையின் குதிரைமேல் பதித்த உலோகத் தகட்டின் வளைவும் இத்தகையதே. அதன் வளைவு சரியாக அமையாவிட்டால் நாதம் கெட்டுவிடும்.

திருச்சிராப்பள்ளியில் பிறந்த சர் சி. வி. இராமன், நோபல் பரிசு பெறுவதற்கு ஒன்பது ஆண்டுகள் முன்பு, 1921இல் இதைப் பற்றி ஓர் ஆய்வுக் கட்டுரை எழுதினார். ஒரு தந்தியை எந்தப் புள்ளியில் மீட்டுகிறோமோ, அப்புள்ளியில் அசைவற்று நிற்கும் மேற்சுரங்கள் ஒலிக்கக்கூடாது என்பது ஐரோப்பிய அறிஞர்கள் கண்ட விதி. சரிபாதியில் மீட்டினால் இரண்டாம், நான்காம் மேற்சுரங்கள் கேட்கக்கூடாது. தம்புராவும் வீணையும் அவ்விதிக்குக் கட்டுப்படவில்லை. எங்கு மீட்டினாலும் மேற்சுரங்கள் எல்லாம் செழிப்பாக எழுகின்றன என்று இராமன் காட்டினார். காரணம் குதிரையின் அமைப்பே என்றார். அடையாளம் தெரியாத கைவினைஞர்கள் காதை மட்டும் நம்பிக் கண்டுபிடித்ததற்கு அறிவியல் பின்னால் வந்து விளக்கம் எழுதியது.

ஆகவே உரசல் தன்னளவில் குற்றம் அன்று. எந்தக் கருவியில், எந்த இடத்தில், யார் வேண்டி வைத்தது என்பதே கேள்வி. தம்புராவில் அது ஓர் ஆளின் கை அளந்து வைத்தது. எங்கள் கித்தாரிலோ யாரோ அவசரத்தில் விட்டுச் சென்ற பிசிறு.

இப்போது சக ஆசிரியர்களிடம் ஒரு வார்த்தை. கருவியைச் சோதித்த பின்பே வாசிக்க வேண்டும் என்பது நமக்குப் புதிய பாடம் அன்று. திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் காந்தருவதத்தையோடு இசைப்போட்டிக்கு வரும் சீவகன் உடனே வாசிக்கத் தொடங்குவதில்லை. தன் முன் வைத்த யாழ்களைச் சோதித்து, மரத்தின் குற்றங்களைச் சொல்லி ஒதுக்குகிறான். நரம்பின் புரியில் மறைந்திருந்த மயிரைப் பிரித்தெடுத்துக் காட்டுகிறான். அதை நான் வகுப்பில் கதையாகச் சொல்லியிருக்கிறேன். சீவகனின் செவி நுட்பத்தை வியந்து பேசியிருக்கிறேன். அடுத்த அறையில் பையன் ஒருவன் கரகரக்கும் கருவியோடு போராடியபோது அக்கதை எனக்கு நினைவுக்கு வரவில்லையே!

கித்தாரோடு இது முடிவதில்லை. நான்காம் ஆண்டில் ஒரு பெண்பிள்ளை கரும்பலகையைப் பார்த்து எழுதுவதில் பிழை மலிந்திருந்தது. “கவனக்குறைவு” என்று அறிக்கையில் எழுதினேன். சில மாதங்கள் கழித்து அவள் கண்ணாடி அணிந்து வந்தாள், பிழைகள் குறைந்தன. இன்னொருவனின் கையெழுத்தைக் கண்டித்தோம். அவன் அமரும் மேசையின் ஒரு கால் குட்டை. பிள்ளை தவறு செய்யும்போது நம் பார்வை முதலில் பிள்ளையிடமே போகிறது. அதுதான் நமக்குப் பழக்கமான திசை, எளிதான திசையும்கூட. மேசைக்கும் கித்தாருக்கும் “நீ முயற்சி செய்யவில்லை” என்று அறிக்கை எழுத முடியாதல்லவா.

எல்லாப் பிழைக்கும் கருவியே காரணம் என்று நான் சொல்லவில்லை. சோம்பலும் உண்டு, பயிற்சிக் குறைவும் உண்டு. அப்பையனும் சில நாள் பயிற்சி செய்யாமல் வந்தவன்தான். ஆனால் வரிசை முக்கியம் என்கிறேன். கருவியைச் சோதிக்க அரைமணி நேரம் போதும். “உன் கைக்கு வராது” என்று ஒரு பிள்ளை நம்பிவிட்டால் அதை அகற்ற எத்தனை ஆண்டு ஆகும் என்று எனக்குத் தெரியாது. ஆகவே அரைமணி நேர வேலையை முதலில் செய்துவிடுவோம்.

பெற்றோர் ஆசிரியர் சங்கத்தாரிடமும் ஒரு வேண்டுகோள் வைத்தேன். அந்த 700 ரிங்கிட்டில் ஒரு சிறு பகுதிக்கு, பள்ளிக்கு ஒரு கருவிப் பெட்டி வாங்கித் தாருங்கள்: சிறு அரங்கள், திருப்புளிகள், ஆலன் சாவிகள், ஒரு பூதக்கண்ணாடி. தாமானில் சும்மா அமர்ந்திருக்கும் தாத்தாக்களை மாதம் ஒருமுறை பள்ளிக்கு அனுப்புங்கள். ஒலி அதிர்வால் உண்டாகிறது என்று நாம் பாடநூலில் படித்துக் காட்டுகிறோம். சேணத்தின்மேல் நகத்தை வைத்து அந்த அதிர்வு எங்கே தடைபடுகிறது என்று காட்ட அவர்களால் முடியும். கூட்டத்தில் சிலர் சிரித்தார்கள். பெட்டி மட்டும் வந்துவிட்டது.

பையனிடம் மன்னிப்புக் கேட்டேன். “உன் விரலில் தவறில்லை, நான்தான் பார்க்கத் தவறினேன்” என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் கித்தாரை வாங்கி மூன்றாம் தந்தியை மட்டும் மீட்டினான். நெடுநேரம் கேட்டான். பிறகு ஒவ்வொரு மெட்டாக அழுத்திக்கொண்டே மேலேறினான். ஓரிடத்தில் நிறுத்தி, அதையே இரண்டு மூன்று முறை மீட்டினான். எனக்கு ஒன்றும் கேட்கவில்லை.

“இங்க இன்னும் கொஞ்சம் இரையுது, சார்” என்றான். “ஆனா இது குதிரை இல்ல. ஏழாவது மெட்டு.”

அரத்தை எடுத்து வரப் பெட்டியைத் திறந்தேன்.